லயன்களுக்குள் நுழைந்து பார்த்த தீனபந்து

மதுரைச் சீமையில் வானம் பொய்த்த ஆண்டுகளில் குடியானவர்கள் மூட்டை கட்டினார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுக்கும் ஆள் கப்பல் சென்றது. தமிழரும் தெலுங்கருமாகப் பல்லாயிரம் பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கரும்பு வெட்டப் போனார்கள். அந்தத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாரதியார் கண்ணீருடன் பாடினார். அவர்கள் குடியிருந்த இடத்தை நேரில் கண்டு உலகுக்குச் சொன்னவர், சி. எப். ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேயர்.

1871-ல் இங்கிலாந்தில் பிறந்த ஆண்ட்ரூஸ், 1904-ல் டில்லி செயின்ட் ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1914-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்று தொடங்கிய நட்பு ஆயுள் முழுவதும் நீடித்தது.

பிஜியில் மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் இல்லை. இன்ஸ்பெக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கரும்பு வருமானத்தை நம்பி நடந்த சர்க்காரின் ஊழியர்கள். 1913-ல் இந்திய சர்க்காரும் மக்னீல், சிம்மன்லால் என்ற இருவரை அனுப்பியது. குறைகளைக் கண்ட அவர்களும், மொத்தத்தில் நன்மையே மிகுதி என்று முடித்துவிட்டார்கள்.

1915-ல் ஆண்ட்ரூஸ், நண்பர் பியர்சனுடன் பிஜிக்குப் புறப்பட்டார். இருவருக்கும் சர்க்கார் பதவி கிடையாது. தோட்ட முதலாளிகளிடமும் பேசினார்கள். லயன்களுக்குள் போய்த் தொழிலாளர்களிடமும் கேட்டார்கள். பத்தடி நீளம், ஏழடி அகலத்தில் ஓர் அறை. அதில் மூன்று ஆண்கள். அல்லது ஒரு குடும்பம். சமையலும் படுக்கையும் அதற்குள்ளேதான். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்பது ஆள் சேர்க்கும் விதி. அதனால் விளைந்த சண்டையையும் கொலையையும் தற்கொலையையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

1916 பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. அடுத்த மாதமே, ஒப்பந்தக் கூலிமுறையை ஒழிக்கக் கோரி மாளவியா சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். வைசிராய் ஹார்டிஞ்சு ஏற்றார். 1917-ல் ஆள் சேர்ப்பு நின்றது. ஆண்ட்ரூஸ் அதோடு ஓயவில்லை. சொன்னது நடக்கிறதா என்று பார்க்க அதே ஆண்டில் மீண்டும் பிஜிக்குப் போனார். ஏழைகளின் உறவினன் என்ற பொருளில் 'தீனபந்து' என்று அவர் அழைக்கப்பட்டார். 1920 ஜனவரி 1-ல் எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. 1940 ஏப்ரல் 5-ல் ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் காலமானார்.

பிழைக்கப் போனவர்களின் கதை அது. உயிர் பிழைக்க ஓடி வந்தவர்களின் கதை இன்று மதுரையிலேயே இருக்கிறது. 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்களில் வாழ்கிறார்கள். இடம் கொடுப்பது பெரிய தர்மம். அந்த இடத்தில் மனிதர் மானத்தோடு வாழ முடிகிறதா என்று இடம் கொடுத்தவரே சான்று சொன்னால் போதாது. எவருக்கும் கடமைப்படாத ஒருவர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பார்த்த பின் மறுபடியும் போக வேண்டும். தீனபந்து வாழ்ந்து காட்டிய பாடம் இதுதான்.