மூன்று வாட் மின்சாரமும் ஒரு மூலைக் குழலும்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டபோது யாழ். குடாநாடு இருளில் மூழ்கியது. மின்சாரம் நின்றுபோனது. வானொலிக்குப் போடும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன. அக்காலத்தில் குடாநாட்டு மக்கள் கண்டுபிடித்த வழி எமது வாசகர்கள் பலருக்கும் நினைவிருக்கும். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்றுவார். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வீட்டாரும் அயலாரும் கூடியிருந்து தமிழோசை கேட்பர். சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஊர்ச் செய்திக்குக் காது கொடுத்திருந்ததும் இதே காலத்தில்தான்.

சாதாரண துவிச்சக்கர வண்டி டைனமோ ஒன்று தரக்கூடியது ஏறத்தாழ 3 வாட் மின்சாரம் மட்டுமே. அதைக் கொண்டு ஓர் அறை முழுவதற்கும் தெளிவாகக் கேட்கச் செய்வது எப்படி என்று பலரும் முயன்றனர். பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் கவிழ்த்து வைத்தவர்களை நாம் அறிவோம். பானைக்குள்ளிருந்து சற்றுக் கனத்த குரல் வரும். அது விஞ்ஞானமா, வெறும் ஆறுதலா என்று அப்போது எவரும் ஆராயவில்லை.

குறைந்த மின்சக்தியில் நிறைந்த ஒலி என்ற இதே பிரச்சினைக்கு வாழ்நாள் முழுவதையும் கொடுத்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். யுத்தத்தின் நெருக்கடி அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் ஒரு வாட்டைக்கூட வீணாக்குவதை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. போல் வில்பர் கிளிப்ஸ் என்பது அவரது பெயர். ஒலிக்கருவிகளில் நாட்டமுள்ளோர் மத்தியில் உலகெங்கும் அறியப்பட்ட அப்பெயர், எமது பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

கிளிப்ஸ் 1904ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் பிறந்தார். பித்தளைக் குழல் வாத்தியங்கள் செய்வதில் பேர்போன நகரம் அது. தந்தையார் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்பித்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போதே காலமானார். பதினைந்து வயதில் கிளிப்ஸ் தாமாகவே ஒரு வானொலி வாங்கியை அமைத்தார். அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்குவதற்கு ஒரு வருடம் முந்திய கதை இது. பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பள்ளிப் படிப்பை முடித்து, நியூ மெக்சிக்கோவின் விவசாய, இயந்திரக் கலைக் கல்லூரியில் 1926இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். கல்லூரி வாத்தியக் குழுவில் அவர் ஊதியது கோர்னெட் என்ற சிறு குழல். குழலின் விரிந்த வாய் ஒலிக்கு என்ன செய்கிறது என்பதை ஏட்டில் படிக்கும் முன்னரே உதட்டால் உணர்ந்தவர் அவர் என்று சொல்லலாம். எமது நாதஸ்வர வித்துவான்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடியில் பொருத்திய அணசைக் கழற்றிவிட்டு வாசித்தால் வேறுபாடு உடனே தெரியும்.

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சிறிது காலம் பணிபுரிந்தபின் 1928இல் அவர் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிற்குச் சென்றார். நைத்திரேற்றுச் சுரங்கங்களுக்கான மின்சாரப் புகையிரத இயந்திரங்களைப் பராமரிப்பது வேலை. மூன்று ஆண்டுகளின் பின் நாடு திரும்பி, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1934இல் பொறியியலில் உயர்பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் டெக்சாஸில் நிலத்தடி எண்ணெய் தேடும் புவிப்பௌதிகவியலாளராகக் கழிந்தன. வயிற்றுப்பாட்டுக்கு எண்ணெய் தேடினாலும், ஓய்வு நேரமெல்லாம் வீட்டில் பலகையை அறுப்பதிலும் ஒட்டுவதிலும் சென்றது. அறையின் மூலையில் அடங்கும் ஒரு பெரிய குழலைச் செய்வதே அவரது நோக்கம்.

ஏன் மூலை என்ற கேள்விக்கு இங்கே சற்று நின்று விடை காண்பது அவசியம். அவரது வாழ்வின் சாரம் அதில்தான் இருக்கிறது.

ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகிறது. ஆனால் காற்று மிக இலேசானது. கூம்பு அதைச் சரிவரப் பிடித்துத் தள்ள முடியாமல் வழுக்குகிறது. சாதாரணப் பெட்டியில் வைத்த ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒலியாக மாறினாலே பெரிது. எஞ்சியது வெப்பமாகப் போய்விடும். கூம்பின் முன்னே படிப்படியாக விரியும் குழல் ஒன்றைப் பொருத்தினால் நிலைமை மாறிவிடுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் துலாவைப் போன்றது அக்குழல். சிறு விசை பெரிய பாரத்தை அசைக்க வழிசெய்கிறது.

சிக்கல் தாழ்ந்த சுருதியில்தான் வருகிறது. மத்தள ஒலியும் தவிலின் தொப்பிப் பக்கமும் நிலைகொள்ளும் தாழ்ந்த மீடிறன்களில் ஒலியலை மிக நீளமானது. வினாடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஓர் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றர். அதைத் திறந்தவெளியில் முறையாக வெளிவிடக்கூடிய குழலின் வாய் ஏறத்தாழ 2.7 மீற்றர் விட்டம் கொண்டிருக்க வேண்டும். அப்படியொன்றை எந்த வீட்டில் வைப்பது? வீட்டாரை வெளியேற்றிவிட்டுத்தான் வைக்கலாம்.

இரண்டு சுவர்களும் நிலமும் சந்திக்கும் மூலையில் குழலை வைத்தால், எல்லாத் திசையிலும் பரவ வேண்டிய ஒலி எட்டில் ஒரு பங்கு வெளிக்குள் அடக்கப்படுகிறது. எனவே வாயின் பரப்பளவும் எட்டில் ஒரு பங்காக இருந்தால் போதும். அத்துடன் சுவர்களே குழலின் கடைசிப் பகுதியாகத் தொழிற்படும்படி கிளிப்ஸ் பெட்டியை வடிவமைத்தார். உள்ளே பல அடி நீளமான பாதையை மடித்து மடித்து அடக்கினார். வீட்டைக் கட்டிய மேசன் தம்மை அறியாமலே ஒலிபெருக்கியின் பாதியைக் கட்டி வைத்திருக்கிறார். மீதியை மட்டும் தச்சர் செய்தால் போதும் என்பதே இதன் தாற்பரியம். ஏறத்தாழ நாலேகால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் கொண்ட பெட்டிக்குள் ஒரு பெரும் குழல் அடங்கியது. இது பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1941இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. 1943இலும் 1945இலும் காப்புரிமைகள் கிடைத்தன.

மூலையின் பயனை அவர் ஒருவரே கண்டார் என்று எழுதுவது நியாயமாகாது. இங்கிலாந்தில் போல் வொய்ற் என்ற பொறியியலாளர் 1930களிலேயே வீட்டுக்கான மூலைக் குழல் ஒன்றைச் செய்து விற்றார். ஆனால் தாழ்ந்த சுருதிக்கான குழலை மடித்துச் சுவரோடு இணைத்து, அதை நிலைத்து நிற்கும் ஒரு பொருளாக்கியவர் கிளிப்ஸே.

இரண்டாம் உலக யுத்தம் அவரை இராணுவத்துக்கு இழுத்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் அமைந்த வெடிபொருள் பரீட்சைத் தளத்தில் அவர் அதிகாரியாகப் பணியாற்றினார். அத்தளத்திற்காக 1941இல் நூற்றுக்கணக்கான விவசாயக் குடும்பங்கள் தமது காணிகளை விட்டு வெளியேற நேர்ந்தது. வலிகாமம் வடக்கு மக்களுக்கு இந்தச் செய்தி அந்நியமாக இராது. தளத்திலிருந்த அதிகாரிகள் விடுதியில், தமது மூலைக் குழலை கிளிப்ஸ் சக அதிகாரிகளுக்கு இசைத்துக் காட்டினார். கேட்டவர்களின் வியப்பும், இதனை விற்பனைக்குச் செய்யுமாறு அவர்கள் கொடுத்த தூண்டுதலும் அவரது பாதையைத் தீர்மானித்தன.

யுத்தம் முடிந்ததும் பெருநகருக்குத் திரும்பாமல் அவர் ஹோப்பிலேயே தங்கினார். 1946இல் ஒரு சலவைக் கடையின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கிளிப்ஸ் நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டில் அதே ஊரில் பிறந்த குழந்தையொன்று பின்னாளில் பில் கிளின்ரன் என்ற பெயரில் ஜனாதிபதியானது வேறு கதை. முதல் இரண்டு ஆண்டுகளும் நிறுவனத்தின் ஒரேயொரு தொழிலாளி கிளிப்ஸே. வரைபவரும் அறுப்பவரும் ஒட்டுபவரும் விற்பவரும் அவர்தான். 1948இலேயே முதலாவது ஊழியர் சேர்க்கப்பட்டார். பின்னர், கைவிடப்பட்ட பரீட்சைத் தளத்தின் தொலைபேசி நிலையக் கட்டடத்துக்கு நிறுவனம் மாறியது.

பெரிய குழலுக்கு இடமோ பணமோ இல்லாதோரையும் அவர் மறக்கவில்லை. 1950களில் 'ஷோட்ஹோர்ன்' என்ற சிறிய மூலைக் குழலை வடிவமைத்தார். 'ரெபல்' என்ற இன்னொரு சிறு வடிவத்தை மரவேலை நிறுவனமொன்று, வாங்குபவர் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பலகைத் தொகுதியாக விற்றது. ஒரு திருகாணி முடுக்கியும் கொஞ்சம் பசையும் கொஞ்சம் பொறுமையும் உள்ள குடும்பஸ்தர் தமது மூலைக் குழலைத் தாமே செய்யலாம் என்ற நிலை அப்போது ஏற்பட்டது. 1957இல் மூலை தேவையில்லாத சிறு ஒலிபெருக்கி ஒன்றைச் செய்தபோது, மூலைக் கொள்கையின் குருவே அதை மீறுவதா என்று நண்பரொருவர் கேலி செய்தாராம். மதத்துரோகம் எனப் பொருள்படும் 'ஹெரசி' என்ற பெயரையே கிளிப்ஸ் அதற்குச் சூட்டிவிட்டார்.

அவர் எளிதில் வளைந்துகொடுக்கும் மனிதரல்லர். போட்டி நிறுவனங்களின் விளம்பரங்களில் காணும் மிகைப்படுத்தல்கள் அவருக்குப் பிடிப்பதில்லை. அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல் பொறித்த மஞ்சள் வில்லையொன்றை மேலங்கியின் மடிப்புக்குள் குத்தி வைத்திருப்பார். எவராவது ஆதாரமின்றிப் பேசினால் மடிப்பைச் சற்றே திருப்பிக் காட்டுவார். விவாதம் அத்துடன் முடிந்துவிடும். விளம்பரத்தை நம்பாத அவர் காதையும் முழுமையாக நம்பவில்லை. இசைக்குழுக்களின் கச்சேரிகளைத் தாமே நாடாவில் பதிவுசெய்து, மூல ஒலியையும் ஒலிபெருக்கியின் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னர் கருவி கொண்டு அளந்தார்.

அவ்வாறு அளந்து அவர் கண்ட உண்மை ஒன்றே எமக்கு முக்கியமாகப் படுகிறது. ஒலிபெருக்கியின் வினைத்திறன் கூடும்போது அதன் திரிபு குறைகிறது. காரணம் எளிது. வினைத்திறன் மிக்க குழலில் கூம்பு மிகச் சிறிதளவே அசைந்தால் போதும். அதிகம் அசையும் கூம்புதான் ஒலியைக் கெடுக்கிறது. 'கிளிப்ஸ்ஹோர்ன்' ஒரு வாட் மின்சாரத்தில் ஒரு மீற்றர் தூரத்தில் 105 தெசிபெல் ஒலியைத் தருவதாகக் குறிப்பிடப்படுகிறது. சாதாரண சிறு ஒலிபெருக்கி 85 தெசிபெல் அளவில் நிற்கும். இந்த 20 தெசிபெல் வேறுபாட்டின் பொருள் நூறு மடங்கு மின்சாரம். அன்றைய டைனமோவின் 3 வாட், அவரது குழலில் 300 வாட்டின் வேலையைச் செய்திருக்கும். அந்நாட்களில் ஓர் இரவில் சுற்றிய கைகளை நினைக்கையில் இந்தக் கணக்கு எம்மை ஏதோ செய்கிறது.

ஆனால் நாம் குழலை வேறு விதமாகவே அறிமுகம் செய்துகொண்டோம். பனையிலும் வேம்பிலும் மின்கம்பத்திலும் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்குள்ளும் மடிந்திருப்பது இதே தத்துவம்தான். திருவிழாவிலும் பள்ளிவாசலிலும் தேர்தல் மேடையிலும் அதைத் தாங்கக்கூடிய எல்லை வரை முடுக்கி, அது அலறுவதையே அதன் இயல்பென்று எண்ணிப் பழகிவிட்டோம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தி 2007ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் கட்டளையிட வேண்டிய நிலையும் வந்தது. கோயிலார், பள்ளிவாசலார் என்று பிரித்து ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவதில் எமக்கு உடன்பாடில்லை. குழல் ஒன்றுதான்; முடுக்கும் கைகளும் ஒரே மாதிரியானவைதான். மந்திரமோ பாங்கொலியோ கேட்பவரின் செவியில் நோகாமல் இறங்குவதற்காகவே உரிய கருவியை, அடுத்த ஊரை எட்டுவதற்காக நாம் பயன்படுத்துகிறோம்.

கிளிப்ஸ் 1984இல் பொறியியல், விஞ்ஞானப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவர் கற்ற கல்லூரி, இன்று நியூ மெக்சிக்கோ மாநிலப் பல்கலைக்கழகம். அதன் மின்பொறியியல் கல்விக்கூடம் அவர் பெயரைத் தாங்குகிறது. 1989இல் நிறுவனத்தை உறவினரொருவருக்கு விற்ற பின்னரும் ஆய்வை விடவில்லை. 2002ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி, 98ஆவது வயதில் ஹோப்பிலேயே காலமானார். பழைய தொலைபேசி நிலையக் கட்டடம் இப்போது ஒலியியல் நூதனசாலை. 1946இல் விற்பனைக்கு வந்த மூலைக் குழல், திருத்தங்களுடன் அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரும் தயாரிக்கப்பட்டு வருகிறது.

அவரது ஆரம்பக் காப்புரிமைகள் காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. எவரும் வீட்டில் செய்துபார்க்கலாம். எமது தச்சர்களின் கைத்திறனுக்கு அது எட்டாத வேலையல்ல. சாய்வான வெட்டுக்கள் பிசகாமல் பொருந்த வேண்டும். ஒட்டுப்பலகை தடித்ததாக இருக்க வேண்டும். மூட்டுக்களில் காற்றுக் கசியக் கூடாது. பெட்டி சுவரோடு இறுகப் பொருந்த வேண்டும். சுண்ணக்கல்லில் கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் தடித்த, அதிராத சுவர்கள் இதற்கென்றே எழுப்பியவை போலிருக்கும். மூலைக்கு அருகே யன்னலோ வாசலோ வைத்துக் கட்டும் புதிய வீடுகளில்தான் சிரமம். இரு செவிக்கும் பிரித்துக் கேட்க விரும்புவோருக்கு ஒரே சுவரின் இரு முனைகளிலும் வெறுமையான இரண்டு மூலைகள் வேண்டும். எமது வீடுகளில் ஒன்றில் அலுமாரி நிற்கும். மற்றதில் நெல்மூட்டை இருக்கும். அவற்றை அகற்றுவதற்கு வீட்டாரின் சம்மதத்தைப் பெறும் வழியை கிளிப்ஸ் எங்கும் எழுதி வைக்கவில்லை.