பெட்ரோல் பங்குக்காக இடிச்ச ஆய்வகம்

ரைட் சகோதரர்கள்னா நமக்கு 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக், 12 விநாடி. அதோட பாடப்புத்தகம் முடிஞ்சிடும். அண்ணன் வில்பர் 1912-ல் டைபாய்டில் இறந்துபோனார். தம்பி ஆர்வில் அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 36 வருஷம் வாழ்ந்தார். அந்த வருஷங்களைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

முதல்ல அந்த விமானத்தோட கதி. நாலாவது தடவை பறந்து இறங்கியதும் காற்று அதைப் புரட்டிப் போட்டு நொறுக்கிடுச்சு. அப்புறம் அது பறக்கவே இல்லை. பாகங்களைப் பெட்டியில் அடைத்து, ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருந்த தங்கள் சைக்கிள் கடைக்குப் பின்னால் கொட்டகையில் வைத்துவிட்டார்கள். 1913 மார்ச்சில் டேட்டனில் பெருவெள்ளம். பெட்டிகள் பல நாள் தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் கிடந்தன. முதல் பறத்தலைப் பிடித்த கண்ணாடி நெகட்டிவ் ஒரு மூலையில் சேதமானதோடு தப்பியது. நம்மில் பலர் புராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்ச மறுநாளே மாடலைக் குப்பையில் போடுறோம். ஆர்வில் அந்தச் சேற்றுப் பெட்டிகளைக்கூடத் தூக்கிப் போடவில்லை.

கம்பெனியை 1915-ல் விற்றுவிட்டு, 1916-ல் டேட்டனில் வடக்கு பிராட்வே தெருவில் 15-ம் எண் மனையில் ஒரு சின்னச் செங்கல் கட்டடம் கட்டினார். அதுதான் அவருடைய ஆய்வகம். உள்ளே ஒரு காற்றுச் சுரங்கமும் உண்டு. ஏரோஃபாயில் பாடத்தில் நாலு இலக்க நாகா எண்களைப் போட்டு மண்டை காய்ஞ்சிருப்பீங்களே, அந்த நாகா குழுவில் 1920 முதல் சாகும்வரை இவரும் உறுப்பினர்.

இதுக்கு நடுவுல ஒரு மனக்கசப்பு. முதலில் பறக்கத் தகுதி பெற்ற விமானம் தன் முன்னாள் செயலாளர் லாங்லி செய்ததுதான் என்று ஸ்மித்சோனியன் நிறுவனம் சொல்லிவந்தது. லாங்லியின் இயந்திரத்தை 1914-ல் பல இடங்களில் மாற்றித்தான் பறக்கவைத்தார்கள், அதை வெளியே சொல்லவில்லை. ஆர்வில் கத்தவில்லை. பழைய விமானத்தை 1926-27-ல் பொறுமையாகச் சரிசெய்து, இறக்கைக்குப் புது மஸ்லின் துணி போட்டு, 1928-ல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். சொந்த நாட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவில்லை! ஸ்மித்சோனியன் தன் பேச்சைத் திருத்திக்கொள்ள 1942 வரை ஆனது. பிடிவாதம்னு சிலர் சொல்லலாம். எனக்கு அது நியாயமாத்தான் படுது.

1936-ல் ஹென்றி ஃபோர்டு சைக்கிள் கடைக் கட்டடத்தை வாங்கினார். 1901-ல் காற்றுச் சுரங்கம் வைத்து சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்த இடம் அது. சோதனைத் தராசுக்கு ஹேக்சா பிளேடு, சைக்கிள் ஸ்போக் கம்பி! ஃபோர்டு கடையோடு ரைட் குடும்ப வீட்டையும் பிரித்தெடுத்து மிச்சிகனில் உள்ள கிரீன்ஃபீல்டு கிராமத்துக்குக் கொண்டுபோனார். முதல் எஞ்சினைச் செய்த மெக்கானிக் சார்லி டெய்லரையும் இந்த வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். 1938 ஏப்ரல் 16, வில்பர் பிறந்தநாள் அன்று திறப்பு. ஆர்வில் நேரில் போயிருந்தார். கடை பிழைத்தது, ஆனா டேட்டனுக்கு இல்லாமப் போச்சு. அது நின்ற மனை இன்னைக்கும் காலிதான். ஒரு கட்டடத்தை அதோட தெருவிலிருந்து பிடுங்கி எடுத்தா அது காப்பாற்றியதாகுமா? யோசிச்சுப் பாருங்க.

ஆய்வகத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் கிடைக்கவில்லை. ஆர்வில் 1948 ஜனவரி 30-ல் இறந்தார். அதே வருஷம் டிசம்பர் 17 அன்று விமானம் ஸ்மித்சோனியனில் தொங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை. அடுத்த வருஷம் அவர் சேர்த்து வைத்த காகிதங்களும் 303 நெகட்டிவ்களும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நல்லவேளை. ஏன்னா 1976-ல் ஒரு எண்ணெய் நிறுவனம் பெட்ரோல் பங்க் கட்டுறதுக்காக ஆய்வகத்தை இடிச்சுத் தள்ளியது. அந்த பங்க் கடைசிவரை வரவே இல்லை.

அவர் கழற்றிய பழைய மஸ்லின் துணி மட்டும் ஊர் சுற்றியது. அதில் ஒரு துண்டையும் புரொப்பெல்லர் மரத்துண்டு ஒன்றையும் 1969-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவுக்குக் கொண்டுபோனார். அஞ்சல் தலை அளவுகூட இல்லாத இன்னொரு துண்டு இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரின் சூரிய மின்தகட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டு 2021-ல் செவ்வாயில் பறந்தது. இப்பவும் அங்கேதான் இருக்கு.