ஜனவரி 12-இல் பிறந்த இன்னொருவர்

ஜனவரி 12 என்றாலே நம் இளைஞர்களுக்குச் சுவாமி விவேகானந்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். அதே தேதியில், 1895-இல், ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் கதையை நான் தேடிப் படித்ததுக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே பினாங்கில் கணினிவழி உயிரியலில் முனைவர் பட்டம் முடித்து ஒரு வருஷம் ஆச்சு. மேலாய்வுப் பணிக்கு, அதான் போஸ்ட்டாக்குக்கு, எழுதிப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒன்றும் அமையவில்லை. தீபாவளிக்கு வந்த சொந்தக்காரங்க வேலையைப் பற்றிக் கேட்டபோது, பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டேன்.

சுப்பாராவ் மெட்ரிக் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார். சென்னையில் படித்தபோது ராமகிருஷ்ண மடத்தில் துறவியாகச் சேர ஆசைப்பட்டார். மருத்துவம் படித்துச் சேவை செய்யும்படி மடத்துப் பெரியவர்கள் வழிகாட்டினார்கள். மருத்துவக் கல்லூரிக்குக் கதர் உடுத்திப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அரசாங்க மருத்துவ வேலையும் கிடைக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். இடையில், ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைச் சில நாள் இடைவெளியில் கொண்டுபோனது.

பிறகு, மாமனார் கொடுத்த பணத்தோடு பாஸ்டன் போனார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இராத்திரியில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலப்பாத்திரம் கழுவும் வேலை. பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925-இல் வெளியிட்ட முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே பாடநூலில் ஏறியது. 1930-இல் முனைவர் ஆனார். நிரந்தரப் பதவி மட்டும் வரவேயில்லை.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாகவும் பயன்பட்டது. புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் அந்தக் கூடத்தில் பிறந்ததுதான். யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அப்படித்தான், நம் மலேசியாவில் அந்த நோயை ஒழிக்கக் கொடுத்த மாத்திரை அது. அதே நோயைக் கண்டறியும் பரிசோதனைக் கருவி ஒன்றை நம்ம பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகமே உருவாக்கியிருக்கிறது.

1948 ஆகஸ்டில், 53 வயதில் மாரடைப்பால் இறந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை. மனைவி சேஷகிரி காத்திருந்ததுதான் மிச்சம். அந்த விலையையும் மறைக்காமல் சொல்லணும்.

படித்து முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் பதவிக்குக் காத்திருந்தார். ஆனால் வேலையைக் காக்க வைக்கவில்லை. நானோ விளம்பரம் வந்தால் விண்ணப்பம் போடுவேன், வராவிட்டால் சும்மா இருப்பேன். அன்றிலிருந்து முறையை மாற்றினேன். ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை முழுசாகப் படித்து, அவர் தரவில் நான் எந்தக் கணக்கைச் செய்து தர முடியும் என்று ஒரே பக்கத்தில் எழுதி நேராக அவருக்கே அனுப்பினேன். நான்காவது கடிதத்துக்குப் பதில் வந்தது. ஆறு மாத ஒப்பந்தம், சின்னப் பதவி.

அம்மாவிடம் சொன்னேன். சாமி விளக்கை ஏற்றிவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் கேட்டார்.