நேர்மையாளர் அச்சிட்ட பணம்

ஒரு நாட்டின் பணம் அடியோடு மதிப்பிழந்தால், அதற்குப் பொறுப்பானவர் ஊழல் செய்தவராகவோ பொருளாதாரம் அறியாதவராகவோ இருந்திருப்பார் என்று எண்ணுவது இயல்பு. ஜெர்மனியின் மைய வங்கியான ரைக்ஸ்பாங்கின் தலைவராக 1908 முதல் 1923 வரை பணியாற்றிய ருடால்ஃப் ஹாவன்ஸ்டைன் இவ்விரு வகையிலும் சேராதவர். கடமையுணர்வு மிக்கவர், நாட்டுப்பற்றாளர், கைச்சுத்தம் உடையவர். ஆயினும், வரலாற்றின் மிகக் கொடிய பணவீக்கங்களுள் ஒன்று அவரது பொறுப்பில்தான் நிகழ்ந்தது. அது எவ்வாறு நேர்ந்தது என்பது இன்றைக்கும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பாடம்.

அன்றைய பிரஷ்யாவைச் சேர்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான மெசரிட்ஸ் என்ற ஊரில் 1857-ஆம் ஆண்டு பிறந்தார் ஹாவன்ஸ்டைன். சட்டம் பயின்று நீதிபதியானார். 1890-இல் பிரஷ்ய நிதி அமைச்சகத்தில் சேர்ந்தார். 1900-இல் பிரஷ்ய அரசு வங்கியின் தலைவராகவும், 1908-இல் ரைக்ஸ்பாங்கின் தலைவராகவும் உயர்ந்தார். அப்போது மார்க் நாணயம் தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க் என்ற மதிப்பு மாறாமல் நிலைத்திருந்தது. தாளைக் கொடுத்தால் தங்கம் கிடைக்கும் என்ற உறுதியே மார்க்கின் வலிமை.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அந்த உறுதி கைவிடப்பட்டது. போர்ச் செலவை வரிகளால் ஈடுகட்ட ஜெர்மனி முற்படவில்லை. கடன் வாங்கிச் சமாளித்து, வெற்றி பெற்ற பிறகு தோற்ற நாடுகளிடம் வசூலித்துக் கொள்ளலாம் எனக் கணக்கிட்டது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை என ஒன்பது போர்க் கடன்கள் மக்களிடம் திரட்டப்பட்டன. அவற்றை முன்னின்று நடத்தியவர் ஹாவன்ஸ்டைன். மக்களிடம் இருந்த தங்கக் காசுகளைத் தாள் பணத்துக்கு மாற்றித் தரும்படியும் ரைக்ஸ்பாங்க் வேண்டியது. ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், விதவைகள், சிறு வணிகர்கள் என லட்சக்கணக்கானோர் தம் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தனர். திரண்ட தொகை ஏறத்தாழ 9,800 கோடி மார்க். கடனால் நிரம்பாத பள்ளத்தை அச்சகம் நிரப்பியது.

போரில் ஜெர்மனி தோற்றது. கடனைப் பிறர் தலையில் கட்டும் கணக்கு பொய்த்தது. மாறாக, 1921-இல் நேச நாடுகள் 13,200 கோடி தங்க மார்க்கை இழப்பீடாக விதித்தன. புதிய குடியரசின் அரசுகள் வலுவற்றவையாக இருந்தன. வரியை உயர்த்தவும் செலவைக் குறைக்கவும் அவை அஞ்சின. அரசு கருவூலப் பத்திரங்களை எழுதிக் கொடுத்தது. ரைக்ஸ்பாங்க் அவற்றை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தது.

ஹாவன்ஸ்டைனின் அடிப்படைப் பிழை இங்குதான் இருக்கிறது. பணவீக்கத்துக்குக் காரணம் அளவுக்கு மீறி அச்சிடப்பட்ட பணம் என்பதை அவர் ஏற்கவில்லை. இழப்பீட்டுச் சுமையால் அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. அதனால் மார்க்கின் மதிப்பு சரிகிறது. அதனால் இறக்குமதிப் பொருள்களின் விலையும் பிற விலைகளும் ஏறுகின்றன. ஏறிய விலைக்கு ஏற்பப் பணம் தேவைப்படுகிறது. அதைத் தருவது வங்கியின் கடமை. இதுதான் அவரது வாதம். அன்றைய ஜெர்மானிய வங்கியாளர்கள் பலரும் அறிஞர்கள் சிலரும் இதையே நம்பினர். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது. வெளியிலிருந்து வரும் அதிர்ச்சி விலைகளை ஒருமுறை உயர்த்தலாம். அந்த உயர்வு ஓயாமல் தொடர வேண்டுமானால், அதற்குப் பணம் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

1922 மே மாதம், நேச நாடுகளின் வற்புறுத்தலால் ரைக்ஸ்பாங்குக்குச் சட்டப்படி தன்னாட்சி வழங்கப்பட்டது. இனி அரசுக்குக் கடன் மறுக்க ஹாவன்ஸ்டைனால் முடியும். அவரை யாரும் பதவி நீக்கவும் இயலாது. ஆனால், அவர் மறுக்கவில்லை. மறுத்தால் அரசு நிலைகுலையும், வேலையின்மை பெருகும், குடியரசே கவிழும் என்று அஞ்சினார். அரசுக்கு மட்டுமன்றி, தொழிலதிபர்களின் வணிக உண்டியல்களுக்கும் தாராளமாகப் பணம் தரப்பட்டது. 1922 ஜூலை வரை வங்கியின் வட்டி விகிதம் 5 சதவீதமாகவே இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் மொத்த விலைகள் ஏறத்தாழ 40 மடங்கு உயர்ந்தன. அத்தகைய காலத்தில் கடன் என்பது பரிசுக்குச் சமம். வாங்கியவர்கள் அதைக் கொண்டு ஆலைகளையும் சொத்துகளையும் குவித்தனர்; திருப்பித் தந்தது வெற்றுத் தாளை.

1923 ஜனவரியில் பிரான்ஸும் பெல்ஜியமும் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றின. அங்கு ஒத்துழையாமையில் இறங்கிய தொழிலாளர்களுக்கு ஊதியம் வழங்கும் பொறுப்பை ஜெர்மானிய அரசு ஏற்றது. அந்தச் செலவும் அச்சகத்தின் மீதே விழுந்தது. தங்க இருப்பைச் செலவிட்டு மார்க்கைத் தாங்கிப் பிடிக்க ஹாவன்ஸ்டைன் முயன்றார். ஏப்ரலில் அந்த முயற்சி உடைந்தது. ஒரு கையால் பணத்தைக் காத்து, மறு கையால் அதை அச்சிட்டால் வேறு என்ன நடக்கும்? ஆகஸ்டில், புழக்கத்தில் உள்ள மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை விரைவில் ஒரே நாளில் அச்சிட முடியும் என்று அவர் அறிவித்தார். அதை அவர் சாதனையாகவே கருதினார். செப்டம்பரில் வட்டி விகிதம் 90 சதவீதமாக்கப்பட்டது. காலம் கடந்த மருந்து அது.

விலை கொடுத்தவர்கள் யார்? கடனாளிகள் தப்பித்தனர், பெருங்கடனாளியான அரசும் தப்பித்தது. நிலமும் ஆலையும் அந்நியச் செலாவணியும் வைத்திருந்தோர் பிழைத்தனர். ஹாவன்ஸ்டைனை நம்பிப் போர்க் கடன் கொடுத்தவர்களே அழிந்தனர். அவர்கள் கொடுத்த 9,800 கோடி மார்க்கையும் ஒன்றாகச் சேர்த்தாலும், 1923 நவம்பரில் வந்த புதிய பணத்தில் அதன் மதிப்பு பத்து ஃபென்னிக்கூட இல்லை. சிக்கனமாக வாழ்ந்து முதுமைக்குச் சேர்த்தவர்கள் வீட்டுப் பொருள்களை விற்று உணவு வாங்கினர். சேமிப்பதும் சொன்ன சொல்லைக் காப்பதும் மடமை என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. குடியரசின் மீது அந்த நடுத்தர வர்க்கம் இழந்த நம்பிக்கை முழுமையாகத் திரும்பவே இல்லை.

பதவி விலகுமாறு வந்த வற்புறுத்தலுக்கு ஹாவன்ஸ்டைன் இணங்கவில்லை. எனவே அவரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நாணய ஆணையராக ஹ்யால்மார் ஷாக்ட் நியமிக்கப்பட்டார். நவம்பர் 15-ஆம் தேதி ரென்டன்மார்க் என்ற புதிய பணம் வெளிவந்தது. நிலத்தையும் தொழிலையும் ஈடாகக் காட்டினாலும், அதன் உண்மையான பலம் வேறு: வெளியிடும் அளவுக்கு வரம்பு இருந்தது, அரசுக்குத் தரும் கடனுக்கும் வரம்பு இருந்தது, ரைக்ஸ்பாங்க் கருவூலப் பத்திரங்களை வாங்குவதும் நின்றது. நவம்பர் 20-ஆம் தேதி ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற அளவில் மதிப்பு நிறுத்தப்பட்டது. அதே நாளில், தமது 66-ஆவது வயதில், ஹாவன்ஸ்டைன் காலமானார். முடியாது என்று அவர் கூறிவந்த செயல், இழப்பீட்டுச் சிக்கல் தீராத நிலையிலேயே நடந்தேறியது.

மைய வங்கிக்குத் தன்னாட்சி வேண்டும் என்று நாம் வலியுறுத்துகிறோம். அது தேவைதான். நம் ரிசர்வ் வங்கிக்கும் 2016 முதல் 4 சதவீதப் பணவீக்க இலக்கு சட்டப்படி வகுக்கப்பட்டுள்ளது. ஆனால், சட்டம் தரும் உரிமை வேறு, அதைப் பயன்படுத்தும் துணிவு வேறு. ஹாவன்ஸ்டைனிடம் நேர்மை இருந்தது, உழைப்பு இருந்தது, இறுதியில் அதிகாரமும் இருந்தது. இல்லாதது இரண்டு: தம் கொள்கை தவறாக இருக்கலாம் என்ற ஐயம், அரசிடம் இயலாது என்று சொல்லும் உறுதி. விலைவாசி ஏறும்போதெல்லாம் புறக்காரணங்களை மட்டும் சுட்டிக்காட்டும் எந்த நிர்வாகியும் அவர் நடந்த பாதையில் முதல் அடியை வைக்கிறார். அதற்கான விலையை, நம்பிச் சேமித்தவர்கள்தாம் கொடுக்க நேரிடும்.