இரங்கூனில் எழுதிய சரத் சந்திரர்

வங்க நாவலாசிரியர் சரத் சந்திர சட்டோபாத்தியாயர் 1876ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்தார். வறுமையினால் அவருடைய கல்லூரிப் படிப்பு இடைநடுவே நின்றது. 1903இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய அவர், இன்று யாங்கோன் என வழங்கும் இரங்கூனில் வந்திறங்கினார். அங்கே எழுதுவினைஞராகக் கணக்கு அலுவலகத்தில் தொழில் பார்த்தார். கைவினைஞரும் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த பகுதியிலேயே குடியிருந்தார்.

அந்நகரில் அவர் பட்ட துயரங்கள் சிறியனவல்ல. கொள்ளைநோய்க்கு மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்தார். 1912இல் வீடு தீப்பற்றியபோது, சேர்த்து வைத்த நூல்களுடன் 'சரித்திரஹீன்' நாவலின் கையெழுத்துப் படியும் சாம்பலாயிற்று. நூல்கள் எரிவதன் பொருளை 1981இன் பின்னர் ஈழத்தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. சரத் சந்திரர் அந்நாவலை மீண்டும் எழுதினார்.

அவருடைய எழுத்துக்குக் கிடைத்த வரவேற்பில் ஒரு விசித்திரம் உண்டு. 1907இல் 'பாரதீ' என்னும் கல்கத்தா ஏடு அவருடைய 'படதீதி'யை அவர் அறியாமலே வெளியிடத் தொடங்கியது. முதற் பகுதிகளில் ஆசிரியர் பெயர் இல்லாமையால், தாகூரே மறைந்திருந்து எழுதுகின்றார் என வாசகர் பலர் எண்ணினர். பின்னாளில் அதே கை எழுதிய கதைகளைக் கண்ணீர்க் கதைகள் என்றும் பெண்களின் பொழுதுபோக்கு என்றும் தள்ளியோர் இருந்தனர். விடுதிப் பணிப்பெண் ஒருத்தியை முதன்மைப் பாத்திரமாக்கிய 'சரித்திரஹீன்', ஒழுக்கக்கேடு என்று ஓர் ஏட்டினால் மறுக்கப்பட்டது. பின்னர் 'யமுனா' என்னும் சிற்றேடு அதனை ஏற்றது.

1916இல் உடல்நலங் குன்றி வங்கம் மீண்ட அவர், அதன்பின் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். அச்சேற்ற அவரே தயங்கிய இளமைக்கால நாவலான 'தேவதாஸ்' 1917இல் நூலாயிற்று. 1953இல் அது தமிழிலும் திரைப்படமாகி, வங்கம் அறியாத நம் பெற்றோரையும் அழவைத்தது. ஆயின் 'ஸ்ரீகாந்த'னின் இரண்டாம் பாகத்தில் அவர் காட்டும் இரங்கூன் பயணம் வேறு வகையானது. கப்பல் தளத்தில் நெருக்குண்ட ஏழைப் பயணிகள், மருத்துவப் பரிசோதனையின் அவமானம், கரைசேர்ந்தோரைத் தடுத்துவைத்த நோய்த்தடை முகாம் ஆகியவற்றை வாசிக்கும் அகதி, அவற்றைத் தன் கதையாகவே உணர்வான்.

1926இல் வெளிவந்த 'பதேர் தாபி'யில், மாறுவேடம், இரகசியச் சங்கம், பொலிஸ் வேட்டை என மர்மக் கதைக்குரிய அம்சங்கள் அனைத்தும் உள்ளன. கதையின் பெரும்பகுதி நிகழுமிடமும் இரங்கூனே. அடுத்த ஆண்டே பிரித்தானிய அரசு அதனைத் தடைசெய்தது. வெறும் பொழுதுபோக்கு என அவ்வரசு அதனைக் கருதவில்லை. 1938ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் சரத் சந்திரர் கல்கத்தாவில் மறைந்தார். தடை அதன் பின்னரே நீங்கியது.

தமிழிலும் 'மணிக்கொடி'யார் ஒருபுறமும் கல்கி மறுபுறமுமாக இவ்வழக்கு நெடுங்காலம் நடந்தது. விற்பனையைக் கொண்டு தரத்தை அளப்பது தவறு என்பதை நாம் ஏற்கின்றோம். சரத் சந்திரரிடமும் மிகையுணர்ச்சி உண்டு. தியாகமே உருவான பெண்கள் திரும்பத் திரும்ப வருகின்றனர். எனினும், பலரும் விரும்பி வாசித்தனர் என்பதையே குறையாகக் கொள்வது அதனினும் பெரிய தவறு. இலக்கியம் எனும் பெயர் தாங்கிய நூல்களிலும் உயிரற்றவை உண்டு. மர்மக் கதையின் உருவிலும் ஒரு மக்களின் விடுதலை வேட்கை குடியிருக்கலாம். வகையன்று, வாழ்வை அது எவ்வளவு உண்மையாகத் தொடுகின்றது என்பதே அளவுகோல்.

புலம்பெயர்ந்த நம் இல்லங்களில் தமிழ் நூலைத் தானாக எடுத்து வாசிக்கும் பிள்ளைகள் அருகி வருகின்றனர். அப்பிள்ளையின் கையிலுள்ள துப்பறியும் கதையைப் பறித்து, உயர்ந்த நூல் எனத் திணித்தால், இரண்டையும் அது இழந்துவிடும். முதலில் அது வாசிக்கட்டும். கதையின் சுவையறிந்த பிள்ளைக்கு அடுத்த நூலாக 'ஸ்ரீகாந்த'னைக் கொடுப்பது நம் கடமை.