வெயிலை வாசலில் நிறுத்தியவர்

சண்டிகார் தலைமைச் செயலகத்தைப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஜன்னல்கள் தெரிவதில்லை. 254 மீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் சட்டங்களே தேனடை போலத் தெரியும். வெறும் அழகுக்காகச் செய்த வேலை அல்ல அது. உள்ளே வேலை செய்யும் குமாஸ்தாக்கள் மீது வெயில் விழாமல் தடுக்கவே அவை வைக்கப்பட்டன. அமைத்தவர் லெ கார்புசியர். அந்தப் பாடத்தை அவருக்குக் கற்பித்தது ஒரு தோல்வி.

1887 அக்டோபர் 6-ந் தேதி ஸ்விட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்குப் பெயர் போன ஓர் ஊரில் பிறந்தார். தந்தை கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி. மகனும் முதலில் கடிகார மூடிகளில் சித்திரம் செதுக்கத்தான் பயின்றார். பிறகு கட்டிடக் கலைக்கு மாறி, 1917-ல் பாரிஸில் குடியேறினார்.

1933-ல் இரட்சணிய சேனைக்காக, வீடற்ற ஏழைகள் தங்கும் விடுதி ஒன்றைப் பாரிஸில் கட்டினார். தெற்குப் பக்கம் முழுவதும் தட்டையான கண்ணாடிச் சுவர். திறக்க ஒரு ஜன்னலும் இல்லை. சுவரை இரட்டைக் கண்ணாடியாக்கி நடுவே காற்றைச் செலுத்தும் யோசனை, பணம் போதாமல் கைவிடப்பட்டது. கோடை வந்தது, விடுதி அடுப்பாயிற்று. கண்ணாடி வழியே உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழியில்லை. ஜன்னல் வைக்க அதிகாரிகள் உத்தரவிட்டனர். அவர் எதிர்த்து வாதாடியும் பலிக்கவில்லை.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்தது. ஜன்னலுக்கு முன்னால் ஆழமான கான்கிரீட் தட்டுகளை நீட்டினால், கோடையில் உச்சியில் நிற்கும் சூரியன் உள்ளே வர முடியாது. குளிர்காலச் சூரியன் தாழ்வாக வருவதால் அதன் கதிர் மட்டும் அறைக்குள் நுழைந்து இதம் தரும். சுவரின் வடிவமே வேலையைச் செய்துவிடும்.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. 1951-ல் லெ கார்புசியர் வந்தார். 1955-ல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்துக்குக் குடை பிடித்தாற்போல இரண்டாவது கூரை போட்டார். மேல்கூரை வெயிலைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவே காற்று ஓடும்.

குறையும் உண்டு. பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட், மாலையில் அந்தச் சூட்டை உள்ளேயும் கக்கியது. வடிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, பொருளும் ஒத்துழைக்க வேண்டும் என்பதைச் சண்டிகார் காட்டியது.

1965 ஆகஸ்ட் 27-ந் தேதி பிரான்ஸில் கடலில் நீந்தும்போது காலமானார். அவருடைய சண்டிகார் தலைமைக் கட்டிடத் தொகுதியை 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மின்விசிறி சுழலும் முன்பே, சுவரும் கூரையும் தங்கள் கடமையைச் செய்யவேண்டும் என்பதே அவர் விட்டுச் சென்ற பாடம்.