பிஸ்ஸோசெரோ கண்ட இரத்தத் தட்டுகள்

பலகைப் பெட்டி பிரிக்கும்போது விரலில் கீறல் விழுகிறது. சற்று நேரத்தில் இரத்தம் தானே நின்றுவிடுகிறது. அதை நிறுத்துவது எது என்று கண்டு சொன்னவர் இத்தாலி நாட்டு வைத்தியர் ஜூலியோ பிஸ்ஸோசெரோ.

1846-இல் வரேசே என்னும் ஊரில் பிறந்த இவர், 20 வயதிலேயே பாவியா சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். அவரிடம் வேலை பழகிய கமில்லோ கோல்ஜி, ஆசிரியரைவிட மூன்று வயது மூத்தவர். 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். பிஸ்ஸோசெரோ பின்னர் தூரின் நகரில் பேராசிரியரானார்.

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு தவிரப் பொடிப்பொடியான துணுக்குகள் இருப்பதை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தனர். உடைந்த அணுக்களின் குப்பை என்றே பலர் தள்ளிவிட்டனர். பிஸ்ஸோசெரோ அப்படி விடவில்லை. வெளியே எடுத்த இரத்தத்தை மட்டும் நம்பாமல், உயிருள்ள கினிப்பன்றிக்கு மயக்க மருந்து கொடுத்து, அதன் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வின் நாளங்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஓடும் இரத்தத்திலேயே அத்துணுக்குகள் தட்டையாக மிதந்து சென்றன. நாளத்தில் காயம் ஏற்பட்டதும் முதலில் வந்து ஒட்டியவை அவையே. ஒன்றன்மேல் ஒன்று குவிந்து ஓட்டையை அடைத்தன. வெள்ளணுக்கள் பிறகுதான் வந்து சிக்கின. 1882-இல் இதை விரிவாக வெளியிட்டு, சிறு தட்டுகள் என்று பெயரும் வைத்தார்.

இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அந்தப் படிவு கிழிந்தால், அதையும் காயம் என்றே கருதி இத்தட்டுகள் கூடிவிடுகின்றன. விரலில் உயிர் காக்கும் இரத்தக்கட்டி அங்கே வழியை மறித்துவிடும். மாரடைப்புகளில் பெரும்பாலானவை இவ்வாறு நேர்பவையே. நம் கடைகளில் தலைவலிக்கு விற்ற ஆஸ்பிரின் இத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. மாரடைப்பென்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு 1988-இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே, ஐந்து வாரத்தில் இருதய, இரத்தக்குழாய் மரணங்கள் நூற்றுக்கு 23 வீதம் குறைந்திருந்தன. அதே மாத்திரை வயிற்றில் இரத்தம் கசியவும் செய்யும் என்பதால், அதைத் தினசரி சாப்பிடுவது டாக்டர் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

பிற்காலத்தில் பிஸ்ஸோசெரோவுக்குக் கண்நோய் வந்து, மைக்ராஸ்கோப் வேலையே செய்ய முடியாமல் போயிற்று. கணக்குப் புத்தகம் பார்க்க முடியாத வியாபாரியின் நிலை என்றால் நமக்கு விளங்கும். ஆயினும் அவர் மூலையில் உட்காரவில்லை. பொதுச் சுகாதாரத்துக்காக எழுதினார், வாதாடினார். 1890-இல் செனட் சபை உறுப்பினரானார். 1901 ஏப்ரலில் நிமோனியாக் காய்ச்சலால் 55 வயதில் காலமானார்.

ஒன்று மட்டும் அவர் கைக்குத் தப்பிவிட்டது. இத்தட்டுகள் எங்கே பிறக்கின்றன? எலும்பு மஜ்ஜையிலுள்ள பெரிய அணுக்களை அவர் வாலிபத்திலேயே பார்த்து எழுதியிருந்தார். அவற்றிலிருந்து பிரிந்து வரும் துண்டுகளே இத்தட்டுகள் என்று அமெரிக்காவில் ரைட் என்பவர் கண்டு சொன்னது 1906-இல்.